மேட்டூருக்கு நீர்மட்டம் உண்டு, எங்கள் விமானத்துக்கு?

முன்பணம் பெற்றுக்கொண்ட விமானத் தயாரிப்பு நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத் தலைவர் அவர்களுக்கும், உற்பத்திப் பிரிவு மேலாளர் அவர்களுக்கும், தங்கள் இந்திய முகவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டு இருக்கைகளும் ஒற்றை என்ஜினும் கொண்ட சிறு விமானம் ஒன்றுக்காகத் தங்களிடம் 2022 நவம்பரில் முன்பணம் கட்டி, 2026 தை பிறந்த பிறகும் காத்திருக்கிற மூவரில் ஒருவன் நான். இந்த மூன்று ஆண்டுகளில் தங்களுக்கு ஆங்கிலத்தில் 16 மின்னஞ்சல்கள் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் 13க்குப் பதில் வந்தது. முதல் சில பதில்களில் தேதி இருந்தது. அடுத்த சிலவற்றில் மாதம் இருந்தது. அதற்கடுத்து 'இவ்வாண்டின் பிற்பகுதி' என்று இருந்தது. கடைசி நான்கில் 'விரைவில்' என்ற சொல் மட்டுமே இருக்கிறது. ஆகவே பதினேழாவதைத் தமிழில், எல்லோரும் படிக்கும்படியாக எழுதுகிறேன். தங்கள் முகவருக்குத் தமிழ் தாய்மொழி என்பதால் மொழிபெயர்ப்புச் செலவு தங்களுக்கு நேராது. எங்களைப் போலவே பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களும், கட்டலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களும் தமிழ்நாட்டில் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். தங்கள் நிறுவனத்தின் பெயரை இம்மடலில் நான் எங்கும் குறிப்பிடவில்லை. தங்கள் பெயரைக் கெடுப்பதால் எங்கள் விமானம் ஒரு நாள்கூட முன்னதாக வந்துவிடாது என்பதை நான் அறிவேன்.

நாங்கள் மூவரும் காவிரிப் படுகையைச் சேர்ந்தவர்கள். ஒருவர் கும்பகோணத்தில் மருத்துவர். இன்னொருவர் மன்னார்குடியில் நெல் அரவை ஆலை நடத்துகிறவர். நான் 31 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் வேலை பார்த்து, தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்று, நீடாமங்கலத்தை அடுத்த எங்கள் ஊருக்குத் திரும்பியவன். மூவரும் ஐம்பது வயதைக் கடந்த பிறகு தனியார் விமானி உரிமத்துக்குப் படித்தோம்; வான்வழி விதிகள், வழியறிதல், வானிலை என்று பள்ளிப் பிள்ளைகளைப் போலத் தேர்வெழுதினோம்; குறைந்த அளவான 40 மணி நேரத்தைத் தாண்டியே பறந்து காட்டினோம். 31 ஆண்டுகள் கடல்மட்டத்துக்குக் கீழே எண்ணெய்ப் புகையில் நின்று வேலை செய்தவனுக்கு, ஒரு ஐப்பசிக் காலையில் கொள்ளிடத்தின் மேலேறிப் போய், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு கடலோடு சேரும் இடத்தை மேலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அவ்வளவுதான். நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காத ஊரில் விமானம் ஒரு கேடா என்று என் தங்கை கணவர் கேட்டார். என் சம்பாத்தியம், என் ஆசை என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை; தங்களிடமும் இதற்கு மேல் நியாயம் சொல்ல வேண்டிய தேவை இல்லை என்று நினைக்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்த விலை 1,42,000 யூரோ. கையெழுத்திட்ட அன்று 30 சதவீதம். எங்களுக்குரிய விமான உடல் அச்சிலிருந்து வெளியே வந்ததும் இன்னொரு 30 சதவீதம். மீதி 40 சதவீதம் கன்டெய்னரில் ஏற்றும் முன். ஒப்படைப்புக்கு 18 மாதம் என்று எழுதியிருந்தது, அதாவது 2024 மே. 2023 மார்ச்சில், வரிசை எண் 27 என்று சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட ஒரு விமான உடலின் புகைப்படத்தைத் தாங்கள் அனுப்பினீர்கள். நாங்கள் மகிழ்ந்துபோய் இரண்டாம் தவணையைக் கட்டினோம். அன்றைய மாற்று விகிதத்தில் இரண்டு தவணைகளும் சேர்ந்து ஏறத்தாழ 73 லட்சம் ரூபாய். 2024 மே வந்தது. கருவிப் பலகைத் திரைகள் வந்து சேரவில்லை என்றீர்கள். அவ்வாண்டு டிசம்பரில், கார்பன் இழை வேலை தெரிந்த ஆட்கள் போதவில்லை என்றீர்கள். 2025 ஜூலையில், தகுதிச் சான்று தொடர்பான ஆவணப் பணி என்றீர்கள். நான் வற்புறுத்திக் கேட்டபோது ஆகஸ்டில் இன்னொரு புகைப்படம் அனுப்பினீர்கள். அதே 27 என்ற எண், அதே உடல். ஆனால் பின்னணிச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் 2023 பிப்ரவரி என்றிருந்தது. பழைய புகைப்படத்தையே ஓரத்தை வெட்டிவிட்டு மீண்டும் அனுப்பியிருந்தீர்கள். என்ஜின் அறையில் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தே காலம் தள்ளியவன் நான் என்பதைத் தங்கள் அலுவலகத்தில் யாரும் அறிந்திருக்க நியாயமில்லை.

அந்த நாட்காட்டியைப் பார்த்த இரவில்தான் இம்மடலை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். தாமதத்தை நான் பொறுத்துக்கொள்வேன். கப்பல் கட்டும் தளங்களில் ஆண்டுக்கணக்கில் தாமதம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு சிறு விமானங்களுக்கு உலகம் முழுவதும் கேட்பு கூடியதும், மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், நுணுக்கமான கைவேலை தெரிந்தவர்கள் எளிதில் கிடைக்காததும் உண்மையே. கார்பன் இழை உடலை அவசரப்படுத்திச் செய்யக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். பறக்கப் போகிறவன் நான். எங்கள் குறை, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தாங்கள் சொல்ல மறுப்பதைப் பற்றியது.

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குக் காத்திருப்பது புதிதன்று. மேட்டூர் அணையைக் குறுவைக்காகத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்த நாள் தப்பாமல் தண்ணீர் வந்த ஆண்டுகளும் உண்டு, தப்பிய ஆண்டுகளும் உண்டு. நாங்கள் தங்களிடம் பதிவு செய்த 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2023இல் ஜூன் 12. 2024இல் அணையில் இருப்பு இல்லாததால் ஜூலை 28 வரை காத்திருந்தோம். 2025இல் மறுபடியும் ஜூன் 12. ஆனால் 2024இன் அந்த ஒன்றரை மாதத்தில் எங்கள் ஊரில் ஒருவர்கூட இருட்டில் இருக்கவில்லை. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டிஎம்சி என்று நாள்தோறும் நாளிதழில் வருகிறது. தேநீர்க் கடையில் அதைப் படித்த பிறகுதான் மற்றச் செய்திகளைப் படிப்போம். அந்த எண்களைப் பார்த்து, ஆழ்குழாய்க் கிணறு இருந்தவர்கள் குறுவையைத் தொடங்கினார்கள். இல்லாதவர்கள் குறுவையை விட்டுவிட்டு, சம்பாவுக்கு நேரடி விதைப்புச் செய்யலாம் என்று ஒதுங்கினார்கள். தண்ணீர் வராத ஆண்டிலும் அவரவர் முடிவை அவரவர் எடுக்க முடிந்தது. ஒரு மாநில அரசு, கோடிக்கணக்கானோரின் சோற்றோடு சம்பந்தப்பட்ட விஷயத்தில், தன் கையில் இருப்பு எவ்வளவு என்பதை நாள்தோறும் சொல்கிறது. ஆண்டுக்குச் சில பத்து விமானங்கள் செய்யும் தங்களால், மாதத்துக்கு ஒருமுறை அதைச் சொல்ல முடியாதா?

நான் கேட்பது தங்கள் பட்டறையின் நீர்மட்டத்தைத்தான். இதுவரை எத்தனை பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள், சென்ற மாதம் எத்தனை உடல்கள் அச்சிலிருந்து வெளிவந்தன, எத்தனை விமானங்களுக்கு என்ஜின் பொருத்தப்பட்டது, எத்தனை சோதனைப் பறப்பு முடித்து ஒப்படைக்கப்பட்டன என்ற நான்கு எண்களைப் பணம் கட்டிய அனைவருக்கும் மாதம் ஒருமுறை எழுதினால் போதும். அந்த நான்கு எண்களிலிருந்து எங்கள் முறை எப்போது வரும் என்பதை நாங்களே கணக்கிட்டுக்கொள்வோம். தேதி சொல்லும் சங்கடம்கூடத் தங்களுக்கு இல்லை.

முறை என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் குறைவாக இருக்கும் நாட்களில் எங்கள் ஆறுகளில் முறை வைத்து விடுவார்கள். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு எங்கள் வீட்டிலிருந்து மிதிவண்டித் தொலைவு. எந்த ஆற்றுக்கு எத்தனை நாள் என்பது முன்கூட்டியே தெரியும், தெரியாவிட்டால் கரையில் சண்டை வரும். தலைமடைக்காரர் ராத்திரியில் மடையை வெட்டிக்கொண்டால் கடைமடைக்காரருக்கு அது விடிந்த பிறகுதான் தெரியும் என்பது இங்கே பழைய வழக்கு. எங்களுக்கும் அப்படியே தெரியவந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விமானப் பதிவேடுகள் யாரும் பார்க்கும்படி இணையத்தில் உள்ளன. ஒவ்வொரு விமானத்தின் தயாரிப்பு வரிசை எண்ணும் அவற்றில் இருக்கிறது. பொழுதுபோகாத ஒரு மழை நாளில் தேடியபோது, தங்கள் நிறுவனத்தின் 31ஆம் எண்ணும் 34ஆம் எண்ணும் 2025இலேயே பதிவாகிவிட்டதைக் கண்டேன். 27ஆம் எண் எங்குமில்லை. அதற்குக் காரணம் இருக்கலாம். இந்தியாவுக்கு வரும் விமானத்துக்கு ஏற்றுமதித் தகுதிச் சான்றும், இங்குள்ள விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியும் கூடுதலாகத் தேவைப்படுவதால் எளிதானவற்றை முதலில் முடித்திருக்கலாம். அப்படியானால் அதைச் சொல்லியிருக்கலாம். நாங்களே ஒரு மடலில், எங்கள் முறையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக விலையில் கழிவு பெறும் யோசனையை முன்வைத்திருந்தோம். அந்த மடல்தான் பதில் வராத மூன்றில் ஒன்று.

தாமதம் எங்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பதைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எனவே விரிவாகச் சொல்கிறேன். பதிவு செய்த காலத்தில் 84 ரூபாய் அளவில் இருந்த யூரோ, 2025இல் 100 ரூபாயைத் தாண்டியது. கட்ட வேண்டிய மீதி 56,800 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 9 லட்சம் ரூபாய் கூடுதல். அடுத்தது வரி. சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு இந்தியாவில் 28 சதவீத ஜிஎஸ்டியும் 3 சதவீத இழப்பீட்டு மேல்வரியும் சேர்ந்து 31 சதவீதம் என்பது நாங்கள் போட்ட கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். உல்லாசப் படகுகளோடு எங்களையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 1 கோடியே 42 லட்சம் ரூபாய் மதிப்பில் 9 சதவீத வேறுபாடு என்பது 12 லட்சத்து 78 ஆயிரம் ரூபாய். 2024 மேயில் இல்லாவிட்டாலும் 2025 ஆகஸ்டில் விமானம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியிருந்தால் இந்தத் தொகை எங்கள் கையைவிட்டுப் போயிருக்காது. வரியைக் கூட்டியது தாங்கள் இல்லை, உண்மை. ஆனால் உள்ளதை உள்ளபடி முன்பே சொல்லியிருந்தால், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஏற்கனவே இந்தியாவில் பதிவாகியுள்ள பழைய விமானம் ஒன்றை வாங்கியிருப்போம். அப்படியொன்று 2024 கோடையில் விற்பனைக்கு வந்தது. 'இன்னும் மூன்று மாதத்தில் நம்முடையது வந்துவிடும்' என்று சொல்லி அதை விட்டவன் நான். மற்ற இருவரும் அதை இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, அதுதான் உறுத்துகிறது.

எரிபொருளைப் பாருங்கள். தங்கள் விளம்பரக் கையேட்டில், என்ஜின் கார் பெட்ரோலிலேயே ஓடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அது பொய்யன்று. ரோட்டாக்ஸ் 912 வகை என்ஜினில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலைப் பயன்படுத்தலாம் என்று அதன் தயாரிப்பாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். 2022இல் இந்தியாவின் பெட்ரோலில் கலப்பு 10 சதவீதம். 2025இல் நாடு முழுவதும் 20 சதவீதம் ஆகிவிட்டது. நாங்கள் காத்திருந்த காலத்தில், நாங்கள் போடவிருந்த எரிபொருளே மாறிப்போய்விட்டது. விமானப் பெட்ரோலை 2022 முதல் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவில் தயாரிக்கிறது என்பது ஆறுதல். ஆனால் அது எங்கள் பக்கத்து பெட்ரோல் பங்கில் கிடைக்கும் சரக்கன்று, விலையும் வேறு.

விமானம் நிற்க வேண்டிய இடத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம். டெல்டாவுக்குள் ஓடுதளம் அமைக்கும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டோம். மழைக்காலத்தில் காலை வழுக்கிவிடும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண் எங்களுடையது. தஞ்சாவூரில் ஓடுதளம் இருக்கிறது, ஆனால் அது விமானப்படையுடையது. 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய் 30 போர் விமானங்களின் படைப்பிரிவு இருக்கிறது. எனவே டெல்டாவுக்கு வெளியே ஒரு பயிற்சிப் பள்ளியின் ஹேங்கரில் ஒரு மூலையை மாதம் 18,000 ரூபாய்க்கு 2024 ஜூனிலிருந்து எடுத்திருக்கிறோம். 19 மாதத்துக்கு 3,42,000 ரூபாய். எங்கள் விமானத்தின் சக்கரங்கள் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் வண்ணத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். சென்ற முறை போனபோது அந்தக் கோட்டுக்குள் ஒரு தண்ணீர் டிரம்மும் இரண்டு துடைப்பங்களும் நின்றன. பள்ளிக்காரர் சங்கடப்பட்டு அவற்றை எடுக்கச் சொன்னார், இருக்கட்டும் என்றேன்.

வங்கியும் கேட்கிறது. இறக்குமதிக்காக வெளிநாட்டுக்கு முன்பணம் அனுப்பியவர், பொருள் வந்து சேர்ந்ததற்கான சுங்க ஆவணமாகிய பில் ஆஃப் என்ட்ரியை உரிய காலத்துக்குள் காட்ட வேண்டும் என்பது அன்னியச் செலாவணி விதி. எங்கள் வங்கிக் கிளை மேலாளர் நல்லவர், மருத்துவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்பவர். ஆனாலும் காலாண்டுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டியது அவர் கடமை. அந்தக் கடிதத்துக்குப் பதிலாக இணைத்து அனுப்பத் தங்கள் நிறுவனத்தின் முத்திரையோடு கூடிய ஒரு தாளைக் கேட்டு இரண்டு முறை எழுதினேன். 'விரைவில்' என்ற மின்னஞ்சலை எந்த வங்கியும் கோப்பில் வைக்காது.

கப்பல் உலகத்தில் இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு கப்பலைக் கட்ட ஒப்பந்தம் போட்டால், இரும்புத் தகடு வெட்டும் நாள், அடிமரம் வைக்கும் நாள், நீரில் இறக்கும் நாள், கடலோட்டச் சோதனை நாள் என்று படிகள் உண்டு. தவணைகளும் அந்தப் படிகளோடு கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் வாங்குபவரின் ஆள் தளத்திலேயே நின்று பார்ப்பார். நானே அப்படி ஒருமுறை ஏழு மாதம் நின்றிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பல் கட்டும் நிறுவனம் நொடித்துப்போனால் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவோம் என்று ஒரு வங்கி உத்தரவாதப் பத்திரம் கொடுத்திருக்கும். இவ்வளவும் தெரிந்திருந்தும் தங்களிடம் அப்படி ஒரு பத்திரத்தை நான் கேட்கவில்லை. புகைப்படத்தில் 27 என்ற எண்ணைப் பார்த்த பரவசத்தில் 31 ஆண்டு அனுபவம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்தத் தவறு முழுக்க என்னுடையது. பணம் கட்ட யோசிப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன்.

ஏனென்றால் சிறு விமானத் தொழிலின் வரலாறு முன்பணக்காரர்களுக்கு ஆறுதல் தருவதாக இல்லை. எக்லிப்ஸ் 500 என்ற குட்டி ஜெட் விமானத்தைச் செய்த அமெரிக்க நிறுவனம் சுமார் 260 விமானங்களை ஒப்படைத்த பிறகு, 2008 நவம்பரில் நொடித்துப்போனதாக நீதிமன்றத்துக்குப் போனது; அடுத்த ஆண்டில் அதன் சொத்துகள் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது; வரிசையில் பணத்தோடு நின்றவர்கள் கடன்காரர்களோடு கடன்காரர்களாக நின்றார்கள். பெரிய பெயருக்கும் முழு உத்தரவாதம் இல்லை. செஸ்னா நிறுவனம் 2007இல் ஸ்கைகேட்சர் என்ற இரண்டு இருக்கை விமானத்தை 1,09,500 டாலருக்கு அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் குவிந்தன. 2011இல் விலை 1,49,900 டாலர் ஆயிற்று. விற்றவை 200ஐ எட்டும் முன்னரே உற்பத்தி நின்றது. விற்காமல் மிஞ்சியவற்றை 2016இல் உடைத்தே போட்டுவிட்டார்கள். தங்களுடைய விமானத்தின் அளவும் ஏறத்தாழ அதே அளவு என்பதால் இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இதற்கு மாறான ஒன்றும் உண்டு. தாமே கட்டிக்கொள்ளும் விமானங்களுக்கான பாகத் தொகுப்புகளை 50 ஆண்டுகளாக விற்றுவரும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு 2023இல் நெருக்கடி வந்தது. லேசரால் வெட்டிய பாகங்களின் துளைகளில் விரிசல் விடுவதாகப் புகார் எழுந்தது, செலவு கூடியது, கையிருப்புக் கரைந்தது. அப்போது ஓய்வுக் காலத்தில் இருந்த அதன் நிறுவனர் ரிச்சர்ட் வேன்குரன்ஸ்வென் காணொளியில் தோன்றி, பணப் புழக்கத்தில் சிக்கல் இருக்கிறது என்று வாடிக்கையாளர்களிடம் நேராகச் சொன்னார். அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றப் பாதுகாப்பை நாடினார்கள். முன்பணம் கட்டியிருந்தவர்களிடம் கூடுதல் விலைக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். 2024இல் மீண்டு வந்தார்கள். கூடுதல் விலை யாருக்கும் இனித்திருக்காது. ஆனாலும் அந்த வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது எங்களுக்குக் கிடைக்கவில்லை: நிலைமை இதுதான், விருப்பமானால் இருங்கள், இல்லாவிட்டால் வேறு வழி பாருங்கள் என்ற ஒரு பேச்சு. தங்கள் நிறுவனத்துக்குப் பண நெருக்கடி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று தாங்களும் இதுவரை சொல்லவில்லை.

எனவே கேட்கிறேன். மாதாந்தர எண்களை முன்பே கேட்டுவிட்டேன். எங்கள் முன்பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, சம்பளத்துக்கும் மூலப்பொருளுக்கும் செலவாகிவிட்டதா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். செலவாகியிருந்தால் அதை மறைக்க வேண்டாம். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்துகொண்டு காத்திருப்பது வேறு. ஒப்பந்தத்தின் விலையேற்றப் பிரிவை, தங்கள் தரப்புத் தாமதத்தால் கடந்த மாதங்களுக்கும் சேர்த்துப் பயன்படுத்தப் போவதாகத் தங்கள் முகவர் தொலைபேசியில் கோடி காட்டினார். அதை நாங்கள் ஏற்க மாட்டோம். 27ஆம் எண் விமானத்துக்கு என்ஜின் ஏற்கனவே வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது என்றால் அதன் தயாரிப்புத் தேதி எங்களுக்கு வேண்டும். ஏனென்றால் அந்த என்ஜினின் ரப்பர் குழாய்களை ஓடினாலும் ஓடாவிட்டாலும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். விமானத்தை முழுதாகத் தாங்கி இறக்கும் மீட்புப் பாராசூட்டுக்கும் அதன் ராக்கெட்டுக்கும் இதுபோலவே காலக்கெடு உண்டு. அலமாரியில் கழிந்த ஆண்டுகளுக்கும் நாங்கள் புது விலை கொடுக்க முடியாது. விலகிக்கொள்ள விரும்புகிறவர்களுக்குப் பணத்தை வட்டியோடு எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு வழி எங்களுக்குத் தெரியும். அங்கே போனால் இன்னொரு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதும், வழக்கு என்று ஆனபின் எங்கள் மருத்துவரால் தங்கள் விமானத்தில் நிம்மதியாகப் பறக்க முடியாது என்பதும் தெரிந்தே, இம்மடலோடு நிற்கிறோம்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரவை ஆலைக்காரருக்கு இப்போது 64. விமானிக்கான மருத்துவத் தகுதிச் சான்றை அவர் காத்திருக்கும் காலத்தில் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். சென்ற முறை இதய வரைபடத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு சோதனை எழுதிக் கொடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. அடுத்த முறை எப்படியோ. கைப்பழக்கம் விட்டுப்போகாதிருக்க, மூவரும் மாதம் ஒருமுறை பள்ளியின் பழைய விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பறக்கிறோம். ஊரில் எங்கள் வீட்டுக்கு 'பிளேன் வீடு' என்று பெயர் வந்துவிட்டது. தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் மட்டும் ஒவ்வொரு முறையும் அக்கறையாகக் கேட்கிறார். "தம்பி, இன்னும் வரலியா? காசு கட்டியாச்சுல்ல? அப்ப மேல எங்கயோ அடைச்சிருக்கான். போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துடு." வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் கரையோடு மேலே நடந்துபோய், எந்த மடையில் அடைப்பு என்று பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. அவர் சொன்னதையே நான் தங்களிடம் அனுமதியாகக் கேட்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் சுவாமிமலை இருக்கிறது. ஐம்பொன் சிலைக்கு அங்கே பட்டறையில் முன்பணம் கொடுத்தால், ஸ்தபதி முதலில் மெழுகில் உருவத்தைச் செய்வார். கொடுத்தவர் போய்ப் பார்த்து, முகம் சரி, கை சற்றுத் தாழ வேண்டும் என்று சொல்லலாம். பிறகு அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை வார்ப்பார். வார்ப்பு பிசகினால் அதையும் மறைக்க மாட்டார். மண்ணை உடைத்துக் காட்டி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறேன் என்பார். என் தாயார் பெயரில் எங்கள் ஊர்க் கோவிலுக்கு ஒரு விளக்கு நாச்சியார் சிலை செய்தபோது அப்படித்தான் நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. யாரும் வருத்தப்படவில்லை.

வரும் சித்திரையில், சம்பா நெல்லையெல்லாம் விற்று முடித்த பிறகு, நானும் ஆலைக்காரரும் தங்கள் பட்டறைக்கு வர விரும்புகிறோம். 27ஆம் எண் விமானம் எந்த நிலையில் இருந்தாலும் சரி, உடல் மட்டும் தூசி படிந்து மூலையில் கிடந்தாலும் சரி, அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, தங்கள் உற்பத்தி மேலாளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறோம். பயணச் செலவு எங்களுடையது. விசாவுக்குத் தங்கள் நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் ஒன்று வேண்டும். இரண்டு வரி போதும். மாசி 15க்குள் அது வந்து சேர்ந்தால் சென்னையில் விசா நேர்காணலுக்கு நாள் வாங்கச் சரியாக இருக்கும்.

இங்ஙனம்,
27ஆம் எண் விமானத்துக்குப் பதிவு செய்த மூவரில் ஒருவன்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.